குளத்தில் ஓய்வெடுத்த பந்து

தெற்குச் சீனாவில் பன்னிரண்டு மைதானங்கள் உள்ள ஒரு கோல்ஃப் ரிசார்ட்டுக்கு ஒருவர் நாலு நாள் லீவில் போனார். ஆறாவது மைதானத்தில் அவர் அடித்த பந்து குளத்தில் விழுந்தது.

"உன்னைப் போட்டு ஏன் இப்படி அடிக்கிறாங்க?" என்று கேட்டது அங்கிருந்த கெண்டை மீன்.

"குழியில தள்ளுறதுக்கு."

"தள்ளினப்புறம்?"

"எடுத்து அடுத்த குழிக்கு அடிப்பாங்க. ஒரு மைதானத்துக்குப் பதினெட்டுக் குழி. ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள அந்த மனுஷனுக்கு எல்லா மைதானத்தையும் முடிச்சாகணுமாம். உடம்பெல்லாம் வலிக்குது அண்ணே."

"இங்கே யாரும் அடிக்க மாட்டாங்க. பேசாம படுத்துக்கோ தம்பி."

பந்து அப்பாடா என்று சேற்றில் புதைந்துகொண்டது. இரண்டு நாள் அசையவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் மெல்லக் கெண்டையைக் கூப்பிட்டது.

"அண்ணே, இந்தக் குளத்துல குழி எங்கே இருக்கு?"