கரடி கோச்சின் ஒரு நிமிஷம்

பந்து, மட்டை இரண்டிலும் காட்டையே கலக்கிய கரடி, ஆடி ஓய்ந்து கோச்சாக வந்தது. அன்றிலிருந்து அணிலுக்குத் தலைவேதனைதான். பயிற்சி வலைக்குள் அது ஒரு பந்தைத் தட்டினால் போதும், "முழங்கை தப்பு. மட்டையைக் குடு, ஒரு நிமிஷம் காட்டறேன்" என்று உள்ளே வந்துவிடும். அப்புறம் பொழுது சாயும்வரை காட்டும். மட்டை அலுத்தால் பந்தைப் பிடுங்கி அதையும் போட்டுக் காட்டும்.

"நான் எப்போ சார் ஆடறது? சனிக்கிழமை எனக்கு முதல் மேட்ச்."

"முதல்ல பார்க்கக் கத்துக்கோ."

அந்த வாரமும் அணில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது.

சனிக்கிழமை முதல் பந்தை அழகாகத் தட்டியது. தட்டிய கையோடு, பழக்கதோஷத்தில், எல்லைக்கோட்டுக்கு நடந்துபோய்க் கரடியிடம் மட்டையை நீட்டியது. பின்னால் எதிரணி ஸ்டம்பைச் சாய்த்து, "ரன் அவுட்" என்று கூவியது.

கரடி மட்டையை வாங்கிக்கொண்டது. "முழங்கை இன்னும் தப்பு. இங்கே பாரு."