முதல் காட்சி கடைசியில்

"டிவியில அடிதடி பார்த்தாலே திட்டுவே. இப்ப நம்ம பையனைக் கொலைகாரனா நடிக்க விட்டிருக்கியே!" அப்பாவுக்கு மனமே ஆறவில்லை.

குறும்படத்தின் டைரக்டர் அம்மாவின் தம்பிதான். மகன் காலையில் ஒருவனைக் குத்திவிட்டு, மதியம் கைவிலங்கோடு கதறி அழுது முடித்திருந்தான். கெட்டுப்போவதற்கு முன் நல்ல பிள்ளையாகப் பள்ளிக்குப் போகும் முதல் காட்சியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை.

"அக்கா, ஸ்கூல் சீனுக்கு ரெடி!"

கத்தரி ஓடியது. மகனின் தோளில் புரண்ட முடி கொத்துக் கொத்தாக விழுந்தது.

அம்மா நிம்மதியாக டீயை உறிஞ்சினாள். "ஒரு வருஷமா கெஞ்சினேன், கேட்டானா? இவனை முடிவெட்ட உட்கார வைக்க ஒரு கொலையே பண்ண வைக்க வேண்டியதாப் போச்சு!"