இன்னொரு கைக்கும் வளையல்

வலது கைக்கு வளையல் போட்டாயிற்று. இடது கையை நீட்டும்போது அந்தச் சத்தம் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டிலிருந்து. நாக்கை அண்ணத்தில் தட்டும் சத்தம். மூன்று முறை.

அவள் கணவனுடையது.

லாரி மேல் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, கழுத்தில் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து, சத்தம் போட்டுக் கூப்பிட அவனுக்கு மூச்சு போதாது. தானாக இருமவும் முடியாது. நெஞ்சில் சளி கட்டினால் நாக்கைத் தட்டுவான். அவள் ஓடிப்போய் விலாவுக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் வைத்து, அவன் இருமப் பார்க்கும் அதே நொடியில் மேல்நோக்கி அழுத்த வேண்டும்.

அவன் இருமலில் பாதி அவள் கையில்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு வந்திருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் போன முதல் விசேஷம்.

"இந்தக் கையையும் குடுங்கக்கா" என்றாள் வளையல் போட்டுவிட்ட பெண்.

கொடுத்தாள்.

காதில் விழவில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது. ஆறு கண்ணாடி வளையல் ஏற எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தாள்.

மூன்றாவது வளையல் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது. யாரோ கேலி செய்தார்கள். வாய்விட்டுச் சிரித்தாள்.

சுவருக்கு அப்பால் மறுபடி சத்தம் இல்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று மீதி மூன்றுக்கும் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

வளையலைக் கழற்ற நேரமில்லை. அழுத்தினாள்.

கண்ணாடி நொறுங்கியது. நிறுத்தவில்லை.

நான்காவது அழுத்தில் சளி வந்தது. விரலில் துணியைச் சுற்றி வழித்தெடுத்தாள். அவன் மூச்சை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான்.

வயிற்றில் கீறல் கீறலாக ரத்தம். அங்கே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. குனிந்து துடைத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக வாய்க்கு வந்தது.

"இன்னொரு வாட்டி கூப்பிட வேண்டியதுதான? எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அவனுக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"நீ சிரிக்கிறது கேட்டுச்சு" என்றான். "அதான் கூப்பிடல."