நின்றவள்

போரின்போது இதே மைதானத்தில் ஷெல்லடியில் இறந்தவர்களின் நினைவு நாளில் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள் என்று நினைத்துத்தான், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆசிரியை பவளராணி மணி அடித்ததும் தலைகுனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது மைதானத்தில் வேறு யாருமே நிற்கவில்லை. வெள்ளைச் சீருடைகளோடு பிள்ளைகள் அத்தனை பேரும் காதுகளைப் பொத்தியபடி மணலில் குப்புறக் கிடந்தார்கள். அதிபரும் கிடந்தார். ஒருவரும் அசையவில்லை.

"என்ன சேர் இது?"

"ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான். படுங்கோ ரீச்சர்," என்றார் அதிபர், முகத்தை மண்ணிலிருந்து எடுக்காமலே. "அண்டைக்கும் பிள்ளையள் எல்லாரும் படுத்திட்டினமோ எண்டு பாக்க ஒரு ரீச்சர் எழும்பி நிண்டவ."

போருக்குப் பிறகு பிறந்த சிறுமி ஒருத்தி காதிலிருந்து ஒரு கையை எடுத்து, பவளராணியின் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.