சத்தியத்தின் பின்பாதி

"சாமி படத்து மேல கையை வச்சு சொல்லுங்க," என்றாள் சிந்து. "நேத்து சாயந்தரம் குளிர் அறைக் கதவைத் திறந்து போட்டது நான் இல்லை, யாருன்னும் எனக்குத் தெரியாது. இது ரெண்டும் சொன்னாப் போதும்."

உணவுக் கிடங்கின் ஆபீஸ் மேசை மேல் சின்ன முருகன் படம். சூடம் ஏற்றத்தான் அவளுக்கு ஆசை. ஏற்றினால் ஸ்மோக் அலாரம் கத்தி, விரி நகரத்திலிருக்கிற தீயணைப்பு வண்டியெல்லாம் வாசலில் வந்து நிற்கும்.

காலையில் வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பன்னீர், தயிர், எல்லாம் போச்சு. அந்த மூலையில் கேமராவும் கிடையாது. மேனேஜர் மத்தியானம் வருகிறார். "யாருன்னு கண்டுபிடிச்சு வை. அந்த ஆளுக்கு இன்னிக்கோட வேலை இல்லை" என்று சூப்பர்வைசர், ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிற சிந்துவிடம் போனில் சொல்லிவிட்டார்.

"முதல்ல நானே பண்றேன்." படத்தின் மேல் கை வைத்தாள். "நேத்து சாயந்தரம் நான் அந்தக் கதவைத் தொடவே இல்லை. யாருன்னும் தெரியாது. முருகா, நீயே சாட்சி."

அடுத்து ஆனந்தராசா. "முருகனாணை நான் இல்லை பிள்ளை. ஆர் எண்டும் தெரியாது."

"அண்ணே, டீ சூடா இருக்குன்னு சொல்றதுக்கே நீங்க முருகனாணைன்னுவீங்களே!" என்றான் மனோஜ்.

"நீ உன்ர கையை வையடா முதல்."

மனோஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தான். "சாமி சத்தியமா நான் இல்லைக்கா. யாருன்னும் தெரியாது."

மிச்சம் ஏலி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற யூதப் பெரியவர். காலையில் முதலில் வந்து கதவைப் பார்த்தவரும் அவர்தான்.

"உங்க கடவுள் பேர்ல சொல்லுங்க ஏலி," என்றாள் சிந்து ஆங்கிலத்தில்.

"நான் சத்தியம் செய்வதில்லை."

"உண்மையைத்தானே சொல்லச் சொல்றேன்?"

"உண்மைக்கும் செய்வதில்லை. எங்கள் பழைய கதை ஒன்றில் சில ஊர்கள் அழிந்துபோகின்றன. பொய்ச் சத்தியத்தால் இல்லை, உண்மைச் சத்தியத்தால். அவ்வளவு பெரிய பெயரை இவ்வளவு சின்னக் காரியத்துக்கு இழுக்கக் கூடாது." சிந்துவை நேராகப் பார்த்தார். "மனிதனுக்கு மறதி உண்டு, சிந்து. கடவுளுக்கு இல்லை."

"மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்கப் பார்க்கறீங்களா?"

"பாத்தியே, நழுவுறார்," என்றார் ஆனந்தராசா, தமிழில்.

சிந்துவுக்கும் அப்படித்தான் பட்டது. கை சுத்தமாக இருந்தால் வைப்பதற்கு என்ன?

"சத்தியம் பண்ணலைன்னா மேனேஜர்கிட்ட உங்க பேரைத்தான் சொல்வேன்."

ஏலியின் முகம் வாடியது. இந்த வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் கை நீளவில்லை.

"இவர்கள் போகட்டும். பிறகு பேசலாம்," என்றார்.

மற்ற இருவரும் வெளியே போனார்கள். மனோஜ் கதவைச் சாத்தினான்.

"இப்ப சொல்லுங்க."

"நான் திறந்து போடவில்லை."

"சரி. அந்தப் பின்பாதி? யாருன்னு தெரியாதுன்னும் சொல்லணுமே?"

ஏலி தலையசைத்து மறுத்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்!" சிந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "தெரிஞ்சுமா அத்தனை நேரம் வாயைத் திறக்காம நின்னீங்க? அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"நாலு பேர் நடுவில் ஒருவரைத் தலைகுனிய வைப்பது எங்களுக்குக் கொலைக்குச் சமம்."

"அதுக்காக உங்க வேலை போனாப் பரவாயில்லையா?"

"போனால் கஷ்டம்தான்."

"யாரு? ராசாண்ணையா? மனோஜா?"

"அவர்கள் இரண்டு பேரும் சொன்னது உண்மை."

சிந்துவுக்குப் பொறுமை போய்விட்டது. வேற்று ஆள் எவனோ வந்து போயிருக்கிறான், இந்த மனுஷன் அவனைக் காப்பாற்றுகிறார்.

"யாரா இருந்தாலும் சரி ஏலி, இன்னிக்கு நான் விடப்போறதில்லை. மேனேஜர் கையில பிடிச்சுக் கொடுக்கலைன்னா என் பேரு சிந்து இல்லை. என் பொண்ணு தலை மேல சத்—"

"வேண்டாம்!" ஏலி கையை உயர்த்தினார். அவர் குரல் அந்த அறையில் அதுவரை அப்படி உயர்ந்ததில்லை. "அதை முடிக்காதீர்கள், சிந்து."

பிறகு, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, மெதுவாகச் சொன்னார்:

"நேற்று கடைசியாகக் குளிர் அறையிலிருந்து வந்தது நீங்கள்தான். மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததாக, ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனீர்கள்."