ராஜவேலு வந்தாச்சு

"ராஜவேலு! குடியாத்தம் ராஜவேலு வந்திருக்காரா?"

ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஜெபகனி அம்மாள் வாசற்படியில் நின்று கூப்பிட்டாள். வராந்தாவில் பதில் இல்லை.

பதில் வராது என்று அங்கே காத்திருந்த சாந்தகுமாருக்குத் தெரியும். சிநேகிதன் ராஜவேலுவைச் சுடுகாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவனும் ஒருத்தன். நுழைவுத் தேர்வு மார்க் வந்த மறுவாரம், பேரணாம்பட்டு ரோட்டில் லாரி மோதி ராஜவேலு போய்விட்டான்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. வேலூரில் அந்தக் காலேஜில், தோல் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி.க்கு டிகிரி மார்க்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நுழைவுத் தேர்வு மார்க்கை மட்டும் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். டிகிரியில் மெடல் வாங்கியவன் சாந்தகுமார். ஆனால் தேர்வில் ராஜவேலுவைவிட அரை மார்க் கம்மி. மிச்சம் இருந்ததோ ஒரே சீட்.

வயசு வரம்புப்படி சாந்தகுமாருக்கு இதுதான் கடைசி வருஷம். இதுவும் போனால், ஆம்பூர் டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கிழவனாக வேண்டியதுதான்.

"ராஜவேலு!"

சாந்தகுமாரின் கை தானாகவே சர்டிபிகேட் கவரைத் தடவியது. உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"கடைசியா கூப்பிடறேன். ராஜவேலு!"

"வந்தாச்சும்மா!"

 அது ராஜவேலுவின் குரல்.

சாந்தகுமார் திரும்பிப் பார்த்தான். ராஜவேலுவின் நீலக் கட்டம் போட்ட சட்டை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. சட்டைக்குள் அவன் அப்பா தனகோடி. லுங்கித் தறியைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன். மகனைப் போலவே படிய வாரி, பக்கவாட்டில் வகிடு எடுத்திருந்தார்.

"பையன் எங்கே?"

"காய்ச்சலும்மா. வூட்ல படுத்துனு இருக்கான். சர்டிபிகேட் எல்லாம் என்கிட்ட கொடுத்தனுப்பிச்சான்."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. ஜெபகனி அம்மாள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. கடைசி சீட் செத்தவன் பேருக்குப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் தனகோடி வெளியே வந்து வராந்தாக் கோடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் துண்டை விரித்தார். யாரோ ஒருத்தன் அங்கே உட்காரப் போனான்.

"அங்க வேணாம்ப்பா. ஆள் இருக்குது."

அவன் துண்டைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், தள்ளிப் போய்விட்டான்.

சாந்தகுமார் மெல்லக் கிட்டே போனான். "அப்பா..."

"சாந்தாவா? வாப்பா. சாப்ட்டியா?"

"இன்னாப்பா இது? ராஜவேலுதான்..."

அவர் விரலை உதட்டில் வைத்தார். கண்கள் காய்ந்து கிடந்தன.

"மெதுவா பேசு. சாயங்காலம் வரைக்கும் அவன் உசுரோட இருக்கான்."

"அப்பறம்?"

"அப்பறம் போய்டுவான்."

பஸ் எப்போது கிளம்பும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு காலித் துண்டின் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். தலையாட்டினார்.

"உனக்கு ஒண்ணும் தெரிய வேணாமாம். அவனும் அதான் சொல்றான்."

 சாந்தகுமார் எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். உச்சி வெயில், ஒரு இலை அசையவில்லை. அங்கிருந்து பார்த்தால் கிழவரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு தடவை சிரிக்கவும் செய்தார்.

முதலில் பாவமாகத்தான் இருந்தது. போகப் போகக் கோபம் வந்தது. பைத்தியம் பிடித்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? சாம்பலாகிப் போனவனுக்கு எம்.எஸ்ஸி. எதற்கு? உயிரோடு இருக்கிற ஒருத்தனின் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கா? இந்தத் தில்லுமுல்லைச் சொல்லாமல் விட்டால், நான்தான் முட்டாள்.

வெயில் தாழும் நேரத்தில் எழுந்தான். பெஞ்ச் காலியாக இருந்தது. கிழவரும் இல்லை, துண்டும் இல்லை.

நேரே ஆபீசுக்குள் போனான். "மேடம், அந்த ராஜவேலு விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"நீதானே சாந்தகுமார்? உன்னைத்தான் தேடிட்டிருக்கேன். நான் சொல்றதை முதல்ல கேளு. ராஜவேலு சீட்டை விட்டுட்டான். அவங்க அப்பா இப்பத்தான் எழுதிக் கொடுத்துட்டுப் போறார். அடுத்த மார்க் உன்னோடது. சர்டிபிகேட்டை எடு."

சாந்தகுமார் கவரைப் பிரிக்கவில்லை.

"விடறவங்க எதுக்கு மேடம் எடுத்தாங்க? காலையில வராமலே இருந்திருந்தா, அப்பவே எனக்குக் கிடைச்சிருக்குமே?"

"எங்கே கிடைக்கும்? கூப்பிட்டு ஆளோ அப்பா அம்மாவோ வரலன்னா அந்த சீட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போய்டும். அதுக்குன்னே ஒருத்தர் காலையிலேர்ந்து கார்ல காத்துட்டிருந்தார். சேர்ந்துட்டு, சாயங்காலத்துக்குள்ள விட்டாத்தான் அடுத்த மார்க்குக்கு வரும். போன வாரமே அந்தப் பெரியவர் இங்க வந்து, இதை என்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிஞ்சுட்டுப் போனார்."

ஜெபகனி அம்மாள் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, அவரைப் பத்தி இன்னா சொல்ல வந்தே?"