ஒரு மாசம் கழிச்சுச் சொல்லுறன்

“சொல்லும். எப்பிடி உள்ளுக்கை போனனீர்?”

இயக்குநர் சண்முகநாதன் மேசையில் தட்டினார். எதிரே மாணவி தனுசியா நின்றாள்.

புத்தூரிலிருந்து பஸ் ஏறி அந்தக் கணினிப் பயிற்சி நிலையத்துக்கு வருகிறவள். மாணவர் கணக்கால் நுழைந்து அங்கே எதையும் மாற்ற முடியாது. ஆனால் போன கிழமை நிலையத்தின் முதன்மைக் கணினியில் அவளுடைய கணக்கு நான்கு நிமிடம் நிர்வாகியின் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்தது. இறுதிச் சோதினையின் வினாத்தாளும் அதே கணினியில்தான் இருந்தது.

“சேர், அவ ஒரு பைலும் திறக்கேல்லை…” என்றாள் கணினிக்கூடப் பொறுப்பாளர் றஜனி, மெல்ல.

“நீர் சும்மா இரும். பிள்ளை, வழியைச் சொன்னால் மன்னிச்சு விடுறன்.”

“ஒரு மாசம் கழிச்சுச் சொல்லுறன் சேர்.”

“ஏன், நல்லநாள் பாக்க வேணுமோ?”

தனுசியாவின் கண் கலங்கியது.

“அப்ப சோதினையும் இல்லை, சேட்டிபிக்கேற்றும் இல்லை. போம்!”

இரண்டு வருடப் படிப்பு. ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“சரியான திமிர்” என்றார் சண்முகநாதன். றஜனிக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது.

ஒரு மாதம் போனது. காலையில் கணினிகளைப் புதுப்பிக்க உட்கார்ந்த றஜனி, திரையில் வந்த அறிவித்தலை இரண்டு தரம் படித்தாள். ஒரு போன் எடுத்தாள். பிறகு இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

“சேர், கணினிக்குள்ளை இன்னொரு கணினியை ஓட்டுற மென்பொருள் வைச்சிருக்கிறமெல்லே? அதிலை ஓட்டையாம். சாதாரண ஆக்களும் அதாலை நிர்வாகியாகலாமாம். அதைச் செய்த கொம்பனிக்காரர் இண்டைக்குத்தான் அடைச்சிருக்கினம்.”

“உலகம் முழுக்கப் பாவிக்கிற சாமானெல்லே அது!”

“ஓம் சேர். அடைக்க முதல் கதை வெளியிலை போனால், கள்ளருக்கு வீட்டுத் திறப்பைக் குடுத்த மாதிரி. அதுதான், கண்டுபிடிச்ச ஆளை ஒரு மாசத்துக்கு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவையாம்.”

சண்முகநாதன் நிமிர்ந்தார். “ஆளின்ரை பேர் போட்டிருக்கோ?”

“தனுசியா இராசநாயகம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

“நாங்கள் கலைச்சுவிட்ட கதையையும் அவையளுக்குச் சொல்லியிருப்பாள், என்ன?”

“இப்பத்தான் அவவோடை போனிலை கதைச்சனான் சேர். பேருக்குக் கீழை என்ன போடுறதெண்டு போன கிழமைதான் அவவைக் கேட்டவையாம்.” என்றாள் றஜனி. “மாணவி எண்டு போடச் சொல்லி, எங்கடை நிலையத்தின்ரை பேரைக் குடுத்திருக்கிறா.”